அமெரிக்காக்காரிக்கு என்ன சமைப்பது?

அத்தை மகன் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்தபோது அத்தை அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. போனை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு என்னத்தத் திங்கும்?" என்று மட்டும் கேட்டாளாம். அம்மா இதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அத்தான் மனைவியை அழைத்துக்கொண்டு ஊருக்கு வருவதாகச் சொன்னது அடுத்த வருஷத்து ஆடி மாதத்தில்தான். எங்கள் வீடும் அத்தை வீடும் சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கலில் ஒரே தெருவில் இருந்தன. மாமாவுக்குச் சொந்தமாக அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள், காலண்டர், பிஸ்கட் உறை, மசாலா உறை என்று எல்லா ஆர்டரும் எடுப்பார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது குறித்து எங்கள் தெருவில் எல்லோருக்கும் உறுதியான தகவல்கள் இருந்தன. அங்கே வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைப்பது கிடையாது, எல்லாம் டப்பாவில் வரும், டப்பாவைத் திறந்து அப்படியே சாப்பிட வேண்டியதுதான் என்றார் மாமாவின் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பாலைக் காய்ச்சாமல் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குடிப்பார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். கறியை உப்புப் போடாமல், பாதி வெந்ததும் எடுத்துவிடுவார்கள் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தாள். யாரும் இதையெல்லாம் கேலியாகச் சொல்லவில்லை. பாவம் என்ற குரலில்தான் சொன்னார்கள். இவ்வளவு பெரிய தேசத்தில் பிறந்தும் வாய்க்கு ருசியாக எதுவும் கிடைக்காத ஜனங்கள் என்று அவர்களுக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

கடைசியில் மாமா சொன்னதுதான் எடுபட்டது. ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்தவர். மதுரையில் புதிதாகத் திறந்த ஒரு பர்கர் கடைக்கு அவர்தான் உறை அச்சடித்துக் கொடுத்திருந்தார். அந்த உறையில் இருந்த படங்களை நான்கு வண்ணத்தில் பிசகில்லாமல் பொருத்துவதற்காக அவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தார். நடுவில் அறுத்த பன், அதற்குள் வடை மாதிரி ஒரு கறி, ஒரு தக்காளி வில்லை, மஞ்சளாக உருகி வழியும் ஒரு பொருள். இதுதான் அவர்களுக்குக் காலையும் மாலையும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.  அத்தை அதைக் கேட்டு, இதெல்லாம் வயிற்றுக்குள் போய் எப்படிச் செரிக்கும் என்று கவலைப்பட்டாள்.

அத்தான் போனில் திரும்பத் திரும்ப, "அவ என்ன குடுத்தாலும் சாப்பிடுவாம்மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அதை யாரும் நம்பவில்லை. பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று மத்தியானம் எங்கள் அனைவருக்கும் அத்தை வீட்டில்தான் சாப்பாடு. அந்தப் பெண் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தொலைக்காட்சியில் பார்த்தவர்களைப் போல ஒல்லியாக, உயரமாக இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அம்மாவின் உயரம்தான் இருந்தாள். கன்னமும் மூக்கும் வெயிலில் சிவந்திருந்தன. கைகள் உருண்டு உறுதியாக இருந்தன. நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கூப்பிட்டேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னையும் அக்கா என்றாள். அத்தான் விளக்கிச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வாழை இலை போட்டு, கோழிக் குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் பரிமாறினார்கள். அத்தை மோர் மிளகாயும் வறுத்து வைத்திருந்தாள். அது மாமாவுக்காக. ஆனால் இலையில் வைக்கும்போது எல்லோருக்கும் வைத்துக்கொண்டே போய்விட்டாள். அக்கா தன் இலையைப் பார்த்தாள். மற்ற எதையும் தொடாமல், முகம் மலர்ந்து, அந்த மோர் மிளகாயைத்தான் முதலில் எடுத்தாள். ஒன்றல்ல, இரண்டை ஒன்றாகச் சேர்த்து வாயில் போட்டு மென்றாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தான் எழுந்து ஓடினான். அம்மா சீனியை அள்ளிக்கொண்டு வந்தாள். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா இருமலுக்கு நடுவில் ஏதோ சொல்ல முயன்றாள். யாருக்கும் புரியவில்லை. அன்றோடு எல்லோருக்கும் முடிவாகிவிட்டது. நம் சாப்பாடு இந்தப் பெண்ணுக்கு ஆகாது.

மறுநாளே மாமா மதுரைக்கு ஆள் அனுப்பினார். அட்டைப் பெட்டிகளில் சாமான்கள் வந்து இறங்கின. ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஜாம், தக்காளி சாஸ், கார்ன் ஃப்ளேக்ஸ், டப்பாவில் அடைத்த பழம். பர்கரும் பீட்சாவும் சூடு ஆறி, பெட்டி நசுங்கி வந்தன. அத்தை அவற்றைத் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கினாள். கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேசை அதுவரை துணி மடித்து வைக்கத்தான் பயன்பட்டது. அதைத் துடைத்து, விரிப்பு விரித்து, பீங்கான் தட்டும் முள்கரண்டியும் வைத்தார்கள். அக்கா அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள். மற்ற எல்லோரும் எப்போதும் போல அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அத்தை அவளை மிகுந்த மரியாதையோடு நடத்தினாள். "வாங்க, உக்காருங்க, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கிடுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, தட்டை வைத்ததும் உள்ளே போய்விடுவாள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே அடுக்களை வாசல் வரைக்கும் வந்தால், அத்தை பதறிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க எதுக்கு இங்கன வாரீக, புகையா இருக்கு" என்று கூடத்துக்கே திருப்பி அனுப்புவாள். கேஸ் அடுப்புதான். புகை ஒன்றும் இருக்காது.

இதில் எனக்கு ஒரு பங்கு இருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால், அத்தான் மாமாவோடு அச்சகத்துக்கோ வெளியூருக்கோ போகும் நேரங்களில் அக்காவுக்குத் துணையாக என்னை உட்கார வைத்தார்கள். அவளுடைய இங்கிலீஷ் எங்கள் மிஸ் பேசுகிற இங்கிலீஷ் மாதிரி இருக்காது. இழுத்து இழுத்து, ராகம் போடுவது மாதிரி பேசுவாள். பாதிதான் புரியும். ஆனால் அதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் அக்கா ரொட்டியில் ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு, பீட்சாவில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மீதியை எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவாள். அதற்குமுன் நான் பீட்சா சாப்பிட்டதே இல்லை. அந்த நாட்களில் என்னைப் போல் மகிழ்ச்சியான மனுஷி சிவகாசி வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டாள். அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குத் தினமும் இது கிடைப்பதால்தான் சலித்துப்போய் அக்கா சாப்பிடாமல் விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். தாளிக்கும் வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை அதற்குப் பிறகு தாளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில நேரம் அக்கா தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். அவள் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக்காரி. அங்கே வெயில் கொளுத்தும் என்பாள். அவள் அம்மா மக்காச்சோள மாவில் ரொட்டி சுடுவாளாம், இரும்புச் சட்டியில். தட்டாம்பயறு அவித்துச் சோற்றோடு சாப்பிடுவார்களாம். பயற்றை எனக்குப் புரியவைக்க அவள் பேப்பரில் படம் போட்டாள். வெள்ளையாக ஒரு விதை, நடுவில் கறுப்பாக ஒரு கண். நான் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். ஆனால் ஒரு சொல்லையும் நம்பவில்லை. தட்டாம்பயறு எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் வைக்கிற, நான் அழுதுகொண்டே சாப்பிடுகிற பண்டம். அது போய் அமெரிக்காவில் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டுச் சாப்பாட்டை நினைத்து நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக இப்படிச் சொல்கிறாள் என்று முடிவுகட்டி, அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.

ஒருநாள் மாலை மாமா எங்கள் எல்லோரையும் சிவகாசியில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். மெனு அட்டையைப் பிரித்ததும் அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. அதில் 'அமெரிக்கன் சாப்ஸி' என்று ஒரு வரி இருந்தது. மாமா அதைத் தொட்டுக் காட்டி அக்காவுக்கு ஆர்டர் செய்தார். பொரித்த நூடுல்ஸ் மேல் சிவப்பாக, இனிப்பாக ஒரு குழம்பை ஊற்றி, உச்சியில் ஒரு பொரித்த முட்டையை வைத்துக் கொண்டுவந்தார்கள். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அத்தானிடம் மெதுவாக, இது என்ன என்று கேட்டாள். உங்க ஊர் பண்டம்தான் என்று அத்தான் சிரித்தான். அவள் தன் வாழ்நாளில் அதைப் பார்த்ததே இல்லை என்றாள். பரிமாறுகிறவருக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்காவில் இதுதான் முக்கியமான சாப்பாடு, வருஷக்கணக்காக இங்கே போடுகிறோம் என்று அவர் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதை முக்கால்வாசி சாப்பிட்டாள். எனக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. மாமா திருப்தியாக அத்தையைப் பார்த்தார். அத்தை பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தன் மருமகளுக்குப் பிடித்த மாதிரி ஒரு ஹோட்டல்காரனால் சமைக்க முடிகிறது, தன்னால் முடியவில்லை என்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆடி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, இருக்கன்குடிக்குப் போனோம். மகன் கல்யாணம் முடிந்தால் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக அத்தை நேர்ந்திருந்தாள். கல்யாணம் அவள் நினைத்த மாதிரி நடக்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதான், அம்மனிடம் போய் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். வேனில் எங்கள் இரண்டு வீட்டாரோடு பெரியத்தையும் வந்தார். பெரியத்தை என்று நான் கூப்பிட்டது மாமாவின் அண்ணன் மனைவியை. விருதுநகரில் பெரிய வியாபாரக் குடும்பம் அவர்களுடையது. தன் தம்பி மகளை அத்தானுக்குக் கொடுப்பதாக அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அது பலிக்காமல் போனதிலிருந்து அத்தையிடம் அவர் பேசுகிற பேச்சில் ஒரு ஊசி இருக்கும். அந்த ஊசிக்குப் பயந்துதான் அத்தை, மருமகளின் அப்பா அமெரிக்காவில் பெரிய நிலக்காரர், கூடவே வியாபாரமும் பண்ணுகிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். அத்தான் போனில் சொன்னதும் அதுதான். நிலம் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது என்று.

கோயிலில் நல்ல கூட்டம். மாமாவும் அத்தானும் அப்பாவும் விறகும் பானையும் எடுத்துக்கொண்டு இடம் பிடிக்கப் போனார்கள். பெண்கள் ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு மட்டும் பிளாஸ்டிக் ஸ்டூல். சேலை கட்டி, பூ வைத்து, வியர்வையில் நனைந்து அவள் உட்கார்ந்திருந்தாள். போகிறவர்களும் வருகிறவர்களும் அவளை நின்று பார்த்தார்கள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

திடீரென்று அவள் எழுந்து நின்றாள். காற்றில் மோப்பம் பிடிப்பது மாதிரி முகத்தைத் திருப்பினாள். பிறகு விறுவிறுவென்று கூட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். அம்மா பதறி என்னைப் பின்னால் போகச் சொன்னாள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் பெரிய அலுமினியச் சட்டியில் அவித்த நிலக்கடலையை ஆவி பறக்கக் குவித்து வைத்துப் படியால் அளந்து விற்றுக்கொண்டிருந்தாள். அக்கா அந்தச் சட்டிக்கு முன் போய் நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவும் வந்து சேர்ந்து, ஒரு படி வாங்கி அவள் முந்தானையிலேயே போடச் சொன்னாள். அக்கா அங்கேயே நின்று ஒரு கடலையை எடுத்தாள். நான் உரித்துக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அவள் ஓட்டின் நுனியைப் பல்லால் கடித்து, உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சினாள். பிறகு கட்டைவிரலால் ஓட்டைப் பிளந்து பருப்பை வாயில் தட்டிக்கொண்டு, கண்ணை மூடி மென்றாள். எங்கள் ஊரில் கடலைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவதைப் போலவே இருந்தது. அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரத்தடிக்குத் திரும்பியதும் அக்கா ஸ்டூலில் உட்காரவில்லை. எங்களோடு தரையில் உட்கார்ந்து, மடியில் இருந்த கடலையை எடுத்து எடுத்துச் சாப்பிட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நடுநடுவே என்னைப் பார்த்துப் பேசினாள். நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கு மிக நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். அப்பா, சாலை, பெரிய அண்டா, கோடைக்காலம் என்று எல்லாம் எனக்குப் புரிந்தது. கூடவே வெண்டைக்காயைப் பற்றியும் சொன்னாள். அவர்கள் ஊரில் வெண்டைக்காயை மாவில் புரட்டி முழுசாகப் பொரிப்பார்களாம். முதல் நாள் இலையில் இருந்த மோர் மிளகாயை அதுதான் என்று நினைத்துவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று பெரியத்தை கேட்டார்.

முதன்முறையாக எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. அந்தப் பெருமையில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அவுக அப்பா ரோட்டோரத்துல அவிச்ச கடலை விக்கிறாராம். இவுகளும் சின்னப்புள்ளையில கூட நின்னு வித்தாகளாம்."

 பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நிலத்தில் விளைந்த கடலையைத்தான் அவர் அவித்து விற்றார், நிலமும் வியாபாரமும் என்று அத்தான் சொன்னது பொய்யில்லை என்பதெல்லாம் நான் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

பெரியத்தை மெல்லச் சிரித்தார். "கடல தாண்டிப் போனதும் ஒரு கடலைக்காரி வீட்டுக்குத்தானாக்கும்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. எதிரில் இருந்த கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். ஓடுகளை எல்லாம் கையில் பொறுக்கிச் சேர்த்து மூடிக்கொண்டாள்.

அத்தை கீழே குனிந்து அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. கழுநீரைக் கீழே சாய்த்து ஊற்றி முடித்தாள். அதன்பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கடலைக்கு உப்பு எப்பப் போடுவாகன்னு கேளு. மொதல்லயேவா, வெந்த பெறகா?"

நான் கேட்டேன். முதலிலேயே, கை நிறைய, என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். தண்ணீரே உப்புக் கரிக்க வேண்டும், பாதி நாள் வேக வேண்டும் என்றாள். நான் சொன்னேன். அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவின் மடியிலிருந்து இரண்டு கடலையை எடுத்து உரித்து வாயில் போட்டாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு பத்தல" என்றாள் அத்தை.

அதையும் நான் இங்கிலீஷில் சொன்னேன். அக்கா பலமாகத் தலையாட்டினாள். முதல் கடலையைத் தின்றதிலிருந்து தனக்கும் அதுதான் குறை, மரியாதைக்காகத்தான் அதைச் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னாள். அத்தை அரிசியை எடுத்துக்கொண்டு பொங்கப்பானை இருக்கும் இடத்துக்கு நடந்தாள். 

திரும்பி வரும்போது வேனில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சாத்தூரில் நல்ல பேக்கரி இருக்கிறது, மருமகளுக்கு ரொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று மாமா டிரைவரிடம் நிறுத்தச் சொன்னார்.

"வேணாம், விடச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

 கோபத்தில் அக்காவுக்கு ரொட்டிகூட இல்லை என்று சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. காலையிலேயே வழக்கம்போல அத்தை வீட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டு மேசையில் விரிப்பு இல்லை. தட்டு இல்லை. மடித்த துணிகள் மறுபடியும் அதன்மேல் ஏறியிருந்தன. அடுக்களையிலிருந்து அத்தையின் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அக்கா தரையில் அரிவாள்மணைக்கு முன் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அத்தை கரண்டியோடு பக்கத்தில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, என்னத்த அறுக்க? இம்புட்டுத் தண்டியா அறுத்தா எங்கன வேகும்? அத அப்பிடியா பிடிப்பாக? வெரலச் சீவிக்கிடாத."

முந்தின நாள் வரை 'வாங்க, போங்க' என்று இருந்தது எல்லாம் போய்விட்டது. என் அம்மாவையோ, வீட்டுக்கு வருகிற மற்ற சொந்தக்காரப் பெண்களையோ அத்தை எப்படி விரட்டுவாளோ அதே குரலில் அவளை விரட்டினாள். தேங்காய் துருவச் சொன்னாள். துருவியது போதாது என்றாள். தாளிக்கும்போது அவள் கையைப் பிடித்துக் கடுகைப் போடவைத்து, எண்ணெய் தெறித்ததும் பின்னால் நகர்ந்ததற்குத் திட்டினாள். விருந்தாளியாக வந்த ஒரு பெண்ணை, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தவளை, இப்படி வேலை வாங்குகிறார்களே என்று எனக்கு ஆறவில்லை. அவள் அப்பா கடலை விற்கிறவர் என்று தெரிந்ததால்தானே இந்த நிலைமை என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே கிளம்பிப் போனாள். நியாயம் கேட்கப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றுமே கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அக்கா எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்கடுத்த நாட்களிலும் அப்படித்தான். அத்தை ஒருநாள் தட்டாம்பயறு வைத்தாள். அக்கா அதை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். தட்டாம்பயற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தைக்கு ஆள் அனுப்பிப் பச்சைக் கடலை மூட்டையாக வரவழைத்து, கொல்லைப்புறத்தில் கல் கூட்டி, இரண்டு பேரும் சேர்ந்து அவித்தார்கள். உப்பு எவ்வளவு என்பதில் ஒருத்தி தமிழிலும் ஒருத்தி இங்கிலீஷிலும் சண்டை போட்டார்கள். நடுவில் என்னை யாரும் கூப்பிடவில்லை. பீட்சா வருவது அடியோடு நின்றுபோனது. பெட்டிகளில் மிச்சமிருந்த கார்ன் ஃப்ளேக்ஸ் நமுத்துப்போய், அத்தை அதை மாட்டுக்குப் போடச் சொன்னாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. அத்தை கட்டிக்கொடுத்த வற்றலும் பொடியும் அதில் ஏறியிருந்தன. அத்தை காருக்குப் பக்கத்தில் நின்று, கடைசி நிமிஷம் வரைக்கும் அக்காவைத் திட்டிக்கொண்டே இருந்தாள். வற்றலை வெயிலில் வைக்காமல் விட்டால் பூச்சி பிடிக்கும், பொடியை ஈரக்கையால் எடுக்காதே, தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே, சோறு வடிக்கக்கூட இன்னும் ஒழுங்காக வரவில்லை, நீயெல்லாம் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாயோ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அக்கா காருக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. கார் கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே நீட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டிச் சேர்த்து, அழாதீர்கள் அக்கா, அமெரிக்காவுக்குப் போய்விட்டால் அத்தை உங்களைத் திட்ட முடியாது என்று ஆறுதல் சொன்னேன்.

அதைக் கேட்டு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். என் இங்கிலீஷில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு தலையை வெளியே எடுத்தேன்.